நகைக்கு அஞ்சும் படைக்கலம்: துப்பாக்கிக் கட்டுப்பாடும் கேலிச்சித்திரத்தின் அறமும்

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறிய அவர், பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கினைக் கூறினார். இவ்விரு வரிசைகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பெருமிதத்தின் நிலைக்களன்களுள் படைக்கலம் இடம்பெறவில்லை. அஞ்சாமை உள்ளத்தில் உறைவது. வேலும் வாளும் அதன் புறக்கருவிகள் மாத்திரமே. கல்வியும் தறுகண்ணும் கொடையும் இல்லாத ஒருவன், தன் கையிலுள்ள கருவி ஒன்றினாலேயே பெருமிதங் கொள்வானாயின், அவனைக் காண்போர் உள்ளத்தில் அச்சம் தோன்றலாம். அன்றேல் நகை தோன்றலாம். அச்சம் தோன்றுமிடத்து அவன் வெல்கின்றான். நகை தோன்றுமிடத்து அவன் தோற்கின்றான். துப்பாக்கியைப் பொருளாகக் கொண்ட கேலிச்சித்திரம் இவ்விரு மெய்ப்பாடுகளுக்கும் இடையே நிகழும் போராட்டத்திலே பிறக்கின்றது.

துப்பாக்கிக் கட்டுப்பாடு என்பது இன்று உலகின் பல நாடுகளிலும் சட்டமன்றங்களிலும் பத்திரிகைகளிலும் விவாதிக்கப்படும் பொருளாகும். யார் துப்பாக்கி வைத்திருக்கலாம், எவ்வகைத் துப்பாக்கியை வைத்திருக்கலாம், அதற்கு அனுமதி வழங்குவோர் யார் என்பன அவ்விவாதத்தின் வழமையான வினாக்கள். இவ்விவாதத்தைப் பாமரரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் ஒரு சட்டகத்துள் அடக்கித் தருவது கேலிச்சித்திரம். அது தரும் விளக்கம் நேர்மையானதா, துப்பாக்கியை நகைத்தல் ஓர் அறச்செயல் ஆகுமா, ஆகுமெனின் எந்நிலையில் ஆகும் என்பனவே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாக்களாம்.

முதற்கண் இவ்விவாதம் மிகுதியாக நிகழும் அமெரிக்க நாட்டை நோக்குவாம். படைக்கலம் வைத்திருக்கும் உரிமை பற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அங்கு 1791ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் யூனில் ரொபேர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, அவ்வாண்டு ஒக்ரோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று நிறைவேறியது. 2012 டிசெம்பர் 14 அன்று கனெற்றிக்கற் மாநிலத்தின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் 20 குழந்தைகளும் பெரியோர் அறுவரும் சுட்டுக் கொல்லப்பட்டபோது விவாதம் மீண்டும் மூண்டது. ஹேர்புளொக் என்னும் பெயரால் அறியப்பட்ட கேலிச்சித்திரக்காரர் 1946 முதல் 2001இல் இறக்கும் வரை வாஷிங்டன் போஸ்ற் பத்திரிகையில் வரைந்தவர். துப்பாக்கிக்காகப் பரிந்து பேசும் குழுவினரை அவர் பல தசாப்தங்களாக ஓயாது எள்ளி வந்தார்.

அந்நாட்டுக் கேலிச்சித்திரங்களை இரு மரபுகளாகப் பிரித்து நோக்கலாம். கட்டுப்பாட்டை வேண்டுவோர் வரையும் சித்திரங்களில் துப்பாக்கியே உயிர்பெற்று எழுகின்றது. அது அரக்கனாகும், பலிபீடத்தில் அமர்ந்த தெய்வமாகும், சட்டமன்ற உறுப்பினரின் தலைக்கு மேலே ஓங்கி நிற்கும். கட்டுப்பாட்டை எதிர்ப்போர் வரையும் சித்திரங்களிலோ சட்டத்துக்கு அடங்கிய குடும்பத்தலைவன் வெறுங்கையுடன் நிற்பான். சட்டத்தை மதியாத திருடன் துப்பாக்கியுடன் கதவைத் தட்டுவான். முதல் மரபு கருவியை வரைந்து கையை மறைக்கின்றது. இரண்டாம் மரபு கையை வரைகின்றது. ஆயின் துப்பாக்கி ஏந்தும் நல்ல கை எப்போதும் நம்முடைய கையே என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்கின்றது. திருடன் என்பவன் சித்திரத்தைப் பார்ப்பவனாக ஒருபோதும் இருப்பதில்லை.

இவ்விரு மரபுகளுக்கும் அப்பாற்பட்டதாக ஒரு சிற்பத்தைக் குறிப்பிடலாம். பாடகர் ஜோன் லெனன் 1980 டிசெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டமையால் மனம் நொந்த சுவீடன் நாட்டுக் கலைஞர் கார்ல் ஃபிரெட்றிக் றொய்ற்றர்ஸ்வார்ட், குழல் முடிச்சிடப்பட்ட சுழற்துப்பாக்கி ஒன்றைச் சிற்பமாக வடித்தார். அதன் வார்ப்பொன்றை லக்சம்பேர்க் நாடு 1988இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அன்பளிப்புச் செய்தது. நியூயோர்க்கிலுள்ள அச்சிற்பத்தை உலோகத்தில் வார்த்த கேலிச்சித்திரம் எனின் பொருந்தும். அது யாருடைய துப்பாக்கி என்பதைச் சிற்பம் கூறுவதில்லை. அதுவே அதன் வலிமை. எந்நாட்டு மன்னரும் அதனைத் தமக்கெதிரானதெனக் கொள்ளாது கடந்து செல்ல முடிகின்றமையின் அதுவே அதன் குறைபாடும் ஆகும். உலகத்துத் துப்பாக்கிகள் அனைத்தையும் பொதுவாக நகைத்தல் எளிது. ஏனெனில், அந்நகையால் ஒருவருக்கும் நோவதில்லை.

அமெரிக்க விவாதம் தனிமனிதனுக்கும் அரசுக்கும் இடையிலானது. நமது வரலாறு அவ்விருமுனைச் சட்டகத்துள் அடங்குவதன்று. ஆங்கிலேயர் இந்தியாவில் 1878இல் படைக்கலச் சட்டத்தையும் இலங்கையில் 1916இல் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தையும் இயற்றினர். அரசின் கை நம்பத்தக்கது, குடிமகனின் கை ஐயத்துக்குரியது என்பதே குடியேற்ற ஆட்சியாளர் இயற்றிய இத்தகைய சட்டங்களின் அடிப்படைத் துணிபு. பயிரைக் காக்க விரும்பும் விவசாயி அனுமதிப்பத்திரம் பெற்று ஒரு துவக்கை வைத்திருக்கலாம். அதுவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். சட்டம் கேட்ட வினா ஒன்றே: அனுமதிப்பத்திரம் உண்டா? அனுமதி வழங்கும் அரசின் துப்பாக்கி யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்னும் வினா அச்சட்டத்தின் எல்லைக்குள் எழவேயில்லை. அடுத்துவந்த காலத்தில் அரசுக்கெதிராக எழுந்த துப்பாக்கிகளும் அவ்வினாவைத் தம்மிடம் கேட்க இடமளிக்கவில்லை.

இவ்விடத்து நீர்வேலியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் கோப்பாயைக் கடந்ததும் செம்மண்ணும் வாழைத் தோட்டங்களுமாக விரியும் ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமொழியும் தமிழும் கற்றுத் துறைபோகிய சங்கர பண்டிதரின் பெயரோடு சேர்த்தே அவ்வூர்ப் பெயரைப் புலமையுலகம் அறிந்திருந்தது. தொல்காப்பியர் பெருமிதத்துக்கு முதலிற் கூறிய கல்வியால் இசை பெற்ற ஊர் எனலாம். 1981 மார்ச் 25 அன்று, மக்கள் வங்கியின் பணத்தை ஏற்றிச் சென்ற வாகனம் ஒன்று அவ்வூர் வீதியில் ஆயுதந் தாங்கிய இளைஞர்களால் மறிக்கப்பட்டது. காவலுக்குச் சென்ற பொலிசார் இருவர் கொல்லப்பட்டனர். எழுபது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட பணம் கொண்டுசெல்லப்பட்டது. அன்றுமுதல் நாடெங்கும் பத்திரிகை படிப்போருக்கு நீர்வேலி என்பது ஒரு வங்கிக் கொள்ளையின் பெயராயிற்று.

இரண்டு திங்கள் கழிந்தன. 1981 மே 31 இரவிலிருந்து யூன் முதல்நாள் வரையான பொழுதுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அப்போது நகரில் அரசின் துப்பாக்கி ஏந்திய பொலிசார் நிறைந்திருந்தனர். சட்டத்தைக் காக்க வந்தவர்களே அவ்வழிவைச் செய்தனர். பின்னர், நீர்வேலிக் கொள்ளை தொடர்பாகவும் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த தங்கத்துரை, குட்டிமணி ஆகியோர் உட்பட 35 தமிழ்க் கைதிகள் 1983 யூலை 25 அன்று வெலிக்கடைச் சிறையில், அரசின் காவலில், கையில் ஏதுமின்றி இருந்த நிலையிற் கொல்லப்பட்டனர். இரு நாட்களின் பின் மேலும் 18 பேர் கொல்லப்பட்டனர்.

கோல் ஏந்திய மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலுடன் வழியில் நின்று பறிப்பவனின் கோரிக்கைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அரியணையில் இருப்பவனையும் வழிமறித்து நிற்பவனையும் ஒரே சட்டகத்துள் நிறுத்திக் காட்டும் அவ்வுவமை, சொல்லால் வரையப்பட்ட கேலிச்சித்திரமே. வழிப்பறிக்காரனை மட்டும் கண்டிப்பது சட்டம். மன்னனையும் அவனோடு சேர்த்து நிறுத்தி இருவர் கையையும் நோக்கச் செய்வது அறம். சட்டத்தின் நோக்கில் 1981 மார்ச்சில் நீர்வேலியில் வெடித்த துப்பாக்கி அனுமதியற்றது. மே மாதத்தில் யாழ் நகரில் நின்ற துப்பாக்கி அனுமதி பெற்றது. அறத்தின் நோக்கில் அவ்வேறுபாடு மிகச் சிறிது.

ஆயின், நமது சமூகத்தின் உள்ளம் இவ்விரு துப்பாக்கிகளையும் எவ்வாறு நோக்கியது? அரசின் துப்பாக்கியைக் குறிக்க நம்மிடம் கடுஞ்சொற்கள் பலவிருந்தன. மற்றத் துப்பாக்கியை ஏந்தியோரைக் குறிக்க யாழ்ப்பாணத்து வழக்கு ஒரு சொல்லைத் தந்தது: 'பொடியள்'. வீட்டு முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளை அழைக்கும் வாஞ்சைச் சொல் அது. கேலிச்சித்திரம் பொருளைப் பெருக்கிக் காட்டும் கலை. மூக்கு நீண்டதாயின் அதனை முழமாக்கும். 'பொடியள்' என்னும் சொல் அதற்கு நேர்மாறான தொழிலைச் செய்தது. கையிலிருந்த துப்பாக்கியை மறைத்து, அதனை ஏந்தியவனின் இளமையை மட்டும் காட்டியது. அச்சொல்லில் அன்பு இருந்தது. அடக்குமுறைக்குள் வாழ்ந்த மக்களின் நம்பிக்கையும் இருந்தது. அதே வேளை, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பிலிருந்து ஆயுததாரியை அச்சொல் விடுவித்தும் விட்டது. பிள்ளைகள் செய்ததற்கு யார் கணக்குக் கேட்பர்? நீர்வேலியிற் போன பணத்தின் தொகையை நினைவில் வைத்திருப்போர் நம்மிடையே உளர். அங்கு இறந்த பொலிசாரின் தொகையை நினைவில் வைத்திருப்போர் அரியர்.

தமிழில் படைக்கலத்தை நகைத்த மரபு புதிதன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையார் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இவையோ பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவலுள்ள மனையில் அழகுற இருக்கின்றன. எம் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடக்கின்றன என்ற பொருள்பட அவர் பாடினார். புகழ்வது போலப் பழிக்கும் இவ்வுத்தியைப் பின்னையோர் வஞ்சப்புகழ்ச்சி என்றனர். பயன்படாத ஆயுதத்தின் பகட்டை ஒரு சில அடிகளில் உரித்துக் காட்டிய அப்பாட்டைப் படைக்கலம் பற்றிய தமிழ்க் கேலிச்சித்திரங்களுக்கு மூதாய் எனலாம்.

அப்பாட்டை இன்னும் கூர்ந்து நோக்கின் இரு செய்திகள் புலப்படும். ஒன்று, ஔவை அரண்மனையின் நடுவே நின்று மன்னனின் ஆயுதத்தை எள்ளியும் தீங்கின்றித் திரும்ப முடிந்தது. தூதுக்குத் தீங்கிழைத்தலாகாது என்னும் மரபு அவருக்குக் கவசமாக நின்றது. ஆயுதமின்றி நகைப்பவரைக் காக்கும் ஒரு மரபு நிலவிய இடத்திலேதான் அந்நகை சாத்தியமாயிற்று. மற்றொன்று, ஔவை நகைத்தது பகைவனின் வேலை. தம் தலைவனின் வேலை அவர் நகைக்கவில்லை. குருதி தோய்ந்து நுனி முறிந்தமை அதற்குப் புகழாயிற்று. அவ்வேல் யார் உடலிற் பாய்ந்து முறிந்தது என்பதை அப்பாட்டு கேட்பதில்லை. போரைத் தவிர்க்கச் சென்ற தூதாயினும், நகையின் முனை ஒரு பக்கத்தை மட்டுமே நோக்கி இருந்தது. இவ்விரு செய்திகளும் இன்றைய கேலிச்சித்திரத்துக்கும் பொருந்துவன.

யாழ்ப்பாணச் சமூகத்துக்குத் தன்னையே நகைத்துக்கொள்ளத் தெரியாது என்று கூறுதல் தவறு. பாரதியார் 1906இல் தொடங்கிய 'இந்தியா' இதழிற் கேலிச்சித்திரத்தை அரசியற் கருவியாகக் கையாண்டார். ஈழத்தில் அக்கலையைச் சமூக விமரிசனமாக வளர்த்தவர் சுந்தர் என்னும் பெயரால் வரைந்த சி. சிவஞானசுந்தரம். அவர் நடத்திய 'சிரித்திரன்' சஞ்சிகை 1960களின் முற்பகுதியிற் கொழும்பிலே தோன்றிப் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்தது. சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் மெயில் வாகனத்தாரும் மைனர் மச்சானும் மிஸிஸ் டாமோடிரனும் அச்சித்திரங்களின் மாந்தர். அவர்கள் அயலூரார் அல்லர். நமது வேலிக்கு இப்பால் வாழ்ந்தவர்கள். நமது போலிப் பெருமையையும் அந்நிய மோகத்தையும் அவர்கள் மூலமாக நாமே பார்த்துச் சிரித்தோம். உள்நோக்கிய நகை என்பது இதுவே. தூரத்துப் பகைவனை நகைப்பதிலும் பார்க்கத் தன் வீட்டுத் திண்ணையை நகைப்பதற்கு அறத்துணிவு மிகுதியும் வேண்டும்.

அந்த உள்நோக்கிய நகை, திண்ணையில் துப்பாக்கி சார்த்தி வைக்கப்பட்ட காலத்தில் என்னவாயிற்று என்பதே நமது வினாவின் மையம். ஒரு கருத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலையைக் கொண்டு இதனை அளவிடலாம். 1987ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன், அட்டையில் வெளியிட்ட ஓர் அரசியல் நகைச்சுவைச் சித்திரத்துக்காகச் சட்டமன்றத்தால் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றார். எழுந்த எதிர்ப்பினால் சில நாட்களில் விடுதலையானார். அதிகாரம் அங்கும் நகையைப் பொறுக்கவில்லை. எனினும், அங்கு அதிகாரத்தின் கை எழுதுகோலை ஏந்தியிருந்தது. எழுதிய ஆணையை மீட்டுக்கொள்ள முடிந்தது. சுட்ட குண்டை மீட்டுக்கொள்ள முடியாது.

நமது நாட்டில் விலை வேறாக இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளரும் 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களுள் ஒருவருமான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்புத் துப்பாக்கிகளிடமும் ஒரே வினாவைக் கேட்டவர் அவர். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகைப் பணிமனைக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். கேலிச்சித்திரக்காரரும் பத்தி எழுத்தாளருமான பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரி 24 அன்று, சனாதிபதித் தேர்தலுக்கு இரு நாள் முன்னதாகக் காணாமலாக்கப்பட்டார். இவை ஒரே கையின் செயல்கள் அல்ல. இடமும் காலமும் மொழியும் வேறு. ஆயினும், ஔவைக்குக் கவசமாக நின்ற மரபு இம்மூவிடத்தும் இல்லாமற் போயிற்று என்பது பொதுவுண்மை. ஒரு சமூகத்திற் கேலிச்சித்திரங்கள் எவற்றை வரைந்தன என்று ஆராய்வதோடு ஆய்வாளன் நின்றுவிடலாகாது. வரையப்படாது விடப்பட்டவை எவை என்பதும் அச்சமூகத்தின் வரலாற்றுச் சான்றாகும்.

படைக்கலக் கட்டுப்பாட்டில் யாழ்ப்பாணம் கண்ட மிகப் பெரிய முயற்சி 1987ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை உடன்படிக்கையாகும். யூலை 29இல் ஒப்பமிடப்பட்ட அவ்வுடன்படிக்கை, போர்நிறுத்தம் தொடங்கி 72 மணித்தியாலங்களுக்குள் இயக்கங்கள் ஆயுதங்களைக் கையளிக்க வேண்டும் என்றது. ஓகஸ்ட் 4 அன்று சுதுமலை அம்மன் கோயில் முன்றலில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் வேலுப்பிள்ளை பிரபாகரன் உரையாற்றினார். மறுநாள் பலாலியில் ஆயுதக் கையளிப்பு நிகழ்ந்தது. ஒக்ரோபர் 10 அன்று இந்தியப் படையினருக்கும் புலிகளுக்குமிடையே போர் மூண்டது. அத்திங்களிலேயே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். காக்க வந்த துப்பாக்கி, கையளிக்கப்பட்ட துப்பாக்கி, கையளிக்கப்படாத துப்பாக்கி என்னும் மூன்றையும் கண்ட மக்களுக்கு மூன்றில் எதனிடமும் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை.

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாது? ஆயுதங்களை எண்ணுவது கட்டுப்பாடு ஆகாது. ஒரு மேசையின் மீது எத்தனை துப்பாக்கிகள் வைக்கப்பட்டன என்பதைக் காட்டும் புகைப்படம் தொகையை மட்டுமே கூறும். ஒருவன் கையிலுள்ள துப்பாக்கி உண்மையாகவே கட்டுப்பாட்டுக்குள் இருக்கின்றதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அவனால் காக்கப்படுபவர்கள், அவன் துப்பாக்கியைக் கேலியாக வரைந்து, அவன் காணும் இடத்தில் ஒட்டிவிட்டு, அன்றிரவு கதவைச் சார்த்தி நிம்மதியாக உறங்க முடியுமா? முடியுமெனின் அத்துப்பாக்கி கட்டுப்பாட்டுக்குள் உள்ளது. முடியாதெனின், அதற்கு அனுமதிப்பத்திரம் இருப்பினும், மக்கள் ஆணை இருப்பதாகக் கூறப்படினும், அது கட்டற்ற துப்பாக்கியே. கேலிச்சித்திரத்தை இவ்விவாதத்தின் விளக்கப்படமாக மட்டும் கொள்ளாது, விவாதத்தின் உரைகல்லாகவே கொள்ளுதல் தகும்.

இக்கருத்துக்கு மூன்று தடைகள் எழலாம்.

முதலாவது, இழவு வீட்டிற் சிரிப்பது முறையாகுமா என்பது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் துப்பாக்கியை வேடிக்கைப் பொருளாக்குதல் கொடுமையெனச் சிலர் கருதுவர். இத்தடையில் உண்மை உண்டு. ஆயின் எள்ளலுக்கு உரியவர் யார், இரங்கலுக்கு உரியவர் யார் என்பதைப் பிரித்தறிவதே நல்ல கேலிச்சித்திரத்தின் இலக்கணம். அது இறந்தவரை நகைப்பதில்லை. இறப்பை விளைத்த கருவி பூண்டிருக்கும் புனித வேடத்தை நகைக்கின்றது. அவ்வேடம் கலைந்த பின்னரே தாயின் அழுகை உரியவர் செவிக்கு எட்டும்.

இரண்டாவது தடை வலிமை மிக்கது. ஒடுக்குவோனின் துப்பாக்கியையும் ஒடுக்கப்பட்டோனின் துப்பாக்கியையும் சமமாக வைத்து நகைப்பது நீதியாகுமா? நூலகத்தை எரித்தவரையும் அதற்கெதிராக எழுந்தவரையும் ஒரே சட்டகத்துள் நிறுத்துதல் நடுநிலை என்னும் பெயரால் செய்யப்படும் அநீதியன்றோ? காரணங்கள் சமமானவை அல்ல என்பதை நான் மறுக்கவில்லை. 1983இன் யூலையை அறிந்த எவரும் மறுக்கவியலாது. எனினும், காரணத்தின் நியாயம் கருவிக்கு உரியதாக மாறிவிடுவதில்லை. நியாயமான காரணத்துக்காக ஆயுதம் ஏந்துவோன், எவருக்காக ஏந்துகின்றானோ அவருக்கே முதலிற் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். காரணம் உயர்ந்ததாயின் கடமையும் அவ்வளவுக்கு உயரும். தன் மக்களின் சிரிப்பைத் தாங்க முடியாத துப்பாக்கி, அம்மக்களின் விடுதலையை எங்ஙனந் தாங்கும்? மேலும், நகைத்தல் என்பது இருதரப்பும் சமம் என்னும் தீர்ப்பு அன்று; ஒவ்வொரு தரப்பிடமும் தனித்தனியே கேட்கப்படும் வினா. வினா ஒன்றாக இருப்பதனால் விடைகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது தடை கேலிச்சித்திரத்தையே நோக்கியது. எழுதுகோலும் துப்பாக்கியாக மாறவல்லது. நாற்சி ஜேர்மனியில் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் வெளியிட்ட 'டெர் ஸ்ற்றூர்மர்' ஏடு யூதரை விலங்குகளாகவும் புழுக்களாகவும் வரைந்து வெறுப்பை ஊட்டியது. நூரெம்பேர்க் நீதிமன்றம் அவரை மானிட குலத்துக்கெதிரான குற்றவாளியெனக் கண்டது. 1946 ஒக்ரோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். பகையினத்தை மிருகமாக வரையும் வழக்கம் நமது தீவிலும் இருமொழிப் பத்திரிகைகளுக்கும் அந்நியமானதன்று. ஆகவே நகைக்கும் கட்டுப்பாடு தேவை. அதனை இயற்றவல்லது தணிக்கை அதிகாரி அல்லன், வரைபவனின் அறிவே. வரையுமுன் அவன் தன்னைத் தானே வினவத்தக்கவை இரண்டு: நான் எள்ளுவது என்னினும் வலியவனையா, மெலியவனையா? எட்டாத் தொலைவில் உள்ளவனையா, என் பக்கத்தில் நிற்பவனையா? மெலியவனை எள்ளும் சித்திரம் துப்பாக்கியின் உறவினன். தொலைவில் உள்ளவனை மட்டுமே எள்ளும் சித்திரம் துப்பாக்கியின் கவிஞன். பக்கத்தில் நிற்கும் வலியவனை எள்ளும் சித்திரமே துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும்.

போர் 2009இல் முடிவுற்ற பின்னும் இவ்வினா முடிவுறவில்லை. தற்காப்புக்கெனத் தனியாருக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திருப்பிக் கையளிக்குமாறு 2024ஆம் ஆண்டின் இறுதியிற் பாதுகாப்பு அமைச்சு பணித்தது. 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணியின் உடை அணிந்திருந்தார் என்றும், துப்பாக்கி ஒரு சட்டப் புத்தகத்தின் தாள்களைக் குடைந்து அதனுள் மறைத்துக் கொண்டுவரப்பட்டது என்றும் பொலிசார் தெரிவித்தனர். எந்தக் கேலிச்சித்திரக்காரரும் கற்பனையில் வரைந்திருப்பாராயின் மிகையெனத் தள்ளப்பட்டிருக்கும் காட்சி இது. சட்டத்தின் உள்ளீடு குடைந்தெடுக்கப்படும்போது எஞ்சும் வெற்றிடத்தின் வடிவம் துப்பாக்கியின் வடிவமாகவே இருக்கும் என்பதை இதனினும் தெளிவாக ஒருவரும் வரைந்துவிட முடியாது. அனுமதிப்பத்திரங்களை மீளாய்தல் தேவையானதே. ஆயின், கட்டுப்பாடு என்பது பத்திரத்தோடு தொடங்கிப் பத்திரத்தோடு முடியுமாயின், குடைந்த புத்தகத்தின் அட்டையை மட்டும் காப்பதாகவே அது அமையும்.

இன்று பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவர்களுட் பலர் துப்பாக்கியின் ஓசை ஓய்ந்த காலத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் கைக்கு அக்காலம் பெரும்பாலும் இருவகைப் படங்களாகவே வந்து சேர்கின்றது: வணங்குதற்குரிய வீரரின் படம், வெறுத்தற்குரிய பகைவரின் படம். இவ்விரண்டிலும் துப்பாக்கி உண்டு, நகை இல்லை. மூன்றாவது வகைப் படமொன்று வரையப்பட வேண்டியுள்ளது. நீர்வேலி வீதியில் இறந்தவரையும், வெலிக்கடையில் இறந்தவரையும், வைத்தியசாலை விறாந்தையில் இறந்தவரையும் மறவாது, அவர்களைக் கொன்ற ஒவ்வொரு கருவியும் அணிந்திருந்த பீலியையும் மாலையையும் களைந்து காட்டும் படம் அது. அதனை வரைவதற்கு ஓவியத்திறனிலும் தறுகண்மையே மிகுதியும் வேண்டப்படும். தொல்காப்பியர் தறுகண்மைக்கு முன்னே கல்வியை வைத்தமையை இங்கு நினைத்தல் தகும். கற்றோர் தம் பக்கத்துத் துப்பாக்கியை நோக்கி நகைக்கத் துணியும் நாளிலே, படைக்கலக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கும் உயிர் உண்டாகும்.